ஆறாம் இடம் பிடித்தவருக்கு எஃப்1 இருக்கை எப்படிக் கிடைத்தது? கிமி அன்டோனெல்லி வழியாக இளநிலைக் கார் பந்தயம்

எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) பார்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு வீரர் எங்கிருந்து வந்தார் என்று தேடிப் பார்த்தால் தலை சுற்றும். இத்தாலியின் ஆண்ட்ரியா கிமி அன்டோனெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் இத்தாலிய எஃப்4 சாம்பியன், அதே ஆண்டில் ஜெர்மனியின் ஏடிஏசி எஃப்4 சாம்பியன். 2023இல் ஃபார்முலா ரீஜனல் மிடில் ஈஸ்ட் சாம்பியன், அப்புறம் அதே ஆண்டில் ஃபார்முலா ரீஜனல் ஐரோப்பிய சாம்பியன். 2024இல் எஃப்2வில் ஆறாம் இடம். 2025இல் எஃப்1, அதுவும் மெர்சிடிஸ் அணியில், ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் விட்டுப்போன இருக்கையில்.

எஃப்1க்கு நேர் கீழே இருக்கிற படி எஃப்2. அங்கே முதலில் வந்தவரை விட்டுவிட்டு ஆறாவதாக வந்தவரை மெர்சிடிஸ் ஏன் எடுத்தது? இளநிலைப் பந்தயங்களை வாசிக்கத் தெரிந்துகொண்டால் இதில் புதிர் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலில் 'எத்தனையாவது இடம்' என்பது பாதித் தகவல்தான். எந்த வயதில், எந்த அணியில், பக்கத்தில் யார் ஓட்டும்போது, எந்தக் காரில் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் முழுக் கணக்கும் வரும்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே தெரிகிற பந்தயக் கார்களைத்தான் ஒற்றை இருக்கைக் கார் என்கிறோம். எஃப்1 காரும் அந்த வகைதான். அதற்குப் போகும் வழியை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ படிப்படியாக வகுத்து வைத்திருக்கிறது. சிறுவயதில் கார்ட்டிங், 15 வயதில் எஃப்4, பிறகு ஃபார்முலா ரீஜனல், எஃப்3, எஃப்2, கடைசியில் எஃப்1. எல்லோரும் எல்லாப் படியிலும் கால் வைத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கார்ட்டிங்கை நம் ஊர் மால்களில் ஓட்டும் விளையாட்டு வண்டியாக நினைத்துவிட வேண்டாம். போட்டிக்கான கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். ஒரே வேகத்தில் சுழலும்போது அது எப்படி முடியும்? ஸ்டியரிங்கைத் திருப்பும் விதத்தாலும் உடல் எடையாலும் கார்ட்டின் சட்டத்தைக் கொஞ்சம் முறுக்கி, உள்பக்கப் பின்சக்கரத்தை ஒரு கணம் தரையிலிருந்து தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வண்டி திரும்பாமல் நேராக இழுக்கும். அதிகமாகத் தூக்கினால் வேகம் போய்விடும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். டயரின் பிடியை முதுகுத்தண்டில் உணரும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

அன்டோனெல்லி 2006 ஆகஸ்ட் 25 அன்று பொலோன்யாவில் பிறந்தவர். அப்பா மார்க்கோ அன்டோனெல்லியும் பந்தய வீரர், சொந்தமாக அணியும் நடத்துபவர். இதைவிடச் சாதகமான ஊரும் குடும்பமும் அமைவது கஷ்டம். இமோலா பந்தயத் தடம் பக்கத்திலேயே இருக்கிறது. எஃப்2, எஃப்3 கார்களைத் தயாரிக்கும் டலாரா நிறுவனம் பார்மா நகருக்கு அருகே. இளநிலை அணிகளில் பெரும் பெயர் பெற்ற பிரேமா, விச்சென்ஸா பகுதியில். உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஓட்டும் லோனாட்டோ கார்ட் தடம் கார்தா ஏரிக்குப் பக்கத்தில். வடஇத்தாலியில் சில மணி நேரக் கார் பயணத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடுகின்றன. 2019இல், 12 வயதில், மெர்சிடிஸ் அவரைத் தன் இளையோர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2020லும் 2021லும் ஐரோப்பிய கார்ட்டிங் சாம்பியன்ஷிப்பின் 'ஓகே' என்ற பிரிவை அவர் வென்றார்.

எஃப்4 ஓட்ட 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். அன்டோனெல்லிக்கு 2021 ஆகஸ்ட் கடைசியில் 15 ஆனது. செப்டம்பரில் இத்தாலிய எஃப்4இல் பிரேமா அணிக்காக இறங்கிவிட்டார். பாதி சீசனுக்கு மேல் முடிந்த பிறகு வந்தும் பத்தாவது இடத்தில் முடித்தார். எண்ணை மட்டும் பார்த்தால் சாதாரணம். கடைசி மூன்று பந்தய வார இறுதிகளில் மட்டும் ஓட்டி வந்த பத்தாவது இடம் என்றால் கதையே வேறு.

2022இல் முழு சீசன். இத்தாலிய எஃப்4இல் கார் எல்லோருக்கும் ஒன்றுதான்: டாட்டூஸ் நிறுவனத்தின் சேஸிஸ் (காரின் உடற்சட்டம்), அபார்த் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், பிரெல்லி டயர். எஃப்1 அணிகள் தங்கள் காரைத் தாங்களே வடிவமைக்கின்றன; இளநிலைத் தொடர்களில் அப்படி இல்லை. எல்லோர் கையிலும் ஒரே வினாத்தாள்தான். அணிகளுக்கு இடையே வித்தியாசம் என்பது அந்தக் காரை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்கிறார்கள், டேட்டாவை எப்படிப் படிக்கிறார்கள், எவ்வளவு சோதனை ஓட்டம் கிடைக்கிறது என்பதில்தான். அதுவே கணிசமான வித்தியாசம். பிரேமா போன்ற அணியில் இருப்பது பெரிய அனுகூலம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரேமாவில் அவர் மட்டும் ஓட்டவில்லை. அதே அணியில், அதே காரில், அதே எஞ்சினியர்கள் உதவியோடு ஓட்டிய மற்றவர்களையும் தாண்டி அவர் அந்த சீசனில் 13 பந்தயங்களை வென்றார். ஜெர்மனித் தொடரில் இன்னும் 9 வெற்றிகள். ஓர் இளநிலை வீரரை எடைபோட முதலில் அவருடைய அணித் தோழரைப் பாருங்கள். இந்த உலகில் நேர்மையான அளவுகோல் என்று நான் நம்புவது அதைத்தான்.

2023 அவருக்கு ஃபார்முலா ரீஜனல் ஆண்டு. எஃப்4 காரைவிட எடை கூடியது, சக்தியும் கூடியது; கிட்டத்தட்ட 270 குதிரைத்திறன். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பந்தயம் இருக்காது என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் வளைகுடா நாடுகளில் ஒரு சிறிய தொடர் நடக்கும். அதில் அவர் ஓட்டியது மும்பை ஃபால்கன்ஸ் என்ற இந்திய அணியின் பெயரில். பின்னணியில் பிரேமாவின் ஆட்கள். அங்கே பட்டம் வென்று, கோடையில் ஐரோப்பியத் தொடரிலும் பட்டம் வென்றார். ஐரோப்பியத் தொடரில் அவருடைய வெற்றிகள் 5 மட்டுமே. எஃப்4இல் 13 வென்றவருக்கு இது சரிவாகத் தோன்றலாம். மேலே போகப் போக எதிரே நிற்பவர்களும் வடிகட்டப்பட்டவர்கள். எல்லா நாட்டு எஃப்4 சாம்பியன்களும் ஒரே களத்தில் கூடும்போது ஒருவரே அள்ளிக்கொண்டு போவது நடக்காத காரியம். வெல்ல முடியாத நாளில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து புள்ளி சேர்ப்பவர்தான் அங்கே சாம்பியன்.

இதற்குப் பிறகு வழக்கமான படி எஃப்3. மெர்சிடிஸ் அதைத் தாண்டவைத்து அவரை நேராக எஃப்2வில் இறக்கியது. துணிச்சலான முடிவு, ஆபத்தானதும்கூட.

ஏன் ஆபத்து? எஃப்2 கார் சுமார் 620 குதிரைத்திறன் கொண்டது. ரீஜனல் காரின் இரண்டு மடங்குக்கும் மேல். பவர் ஸ்டியரிங் கிடையாது; வேகமான வளைவுகளில் காரைத் திருப்பத் தோளும் முன்கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம் டயர். பிரெல்லி கொடுக்கும் டயர் ஒரு சுற்று முழு வேகத்தில் ஓட்டினாலே சூடேறித் தேயத் தொடங்கும். வேகமாக ஓட்டத் தெரிந்தவன் அங்கே தோற்பான். எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தவன் வெல்வான். இதைக் கற்றுக்கொள்ள நேரமும் கிடைக்காது. ஒரு வார இறுதியில் பயிற்சி ஓட்டம் மொத்தமே 45 நிமிடம். அடுத்தது, யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் 30 நிமிடத் தகுதிச் சுற்று. அப்புறம் பந்தயம்தான்.

எஃப்2வின் வெற்றிகளைப் படிக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வார இறுதியில் இரண்டு பந்தயங்கள். சனிக்கிழமை ஸ்பிரிண்ட், ஞாயிற்றுக்கிழமை ஃபீச்சர். ஸ்பிரிண்டில் தகுதிச் சுற்றின் முதல் பத்து பேரைத் தலைகீழாக நிறுத்துவார்கள். பத்தாவதாக வந்தவர் முதலில் நிற்பார். முந்திச் செல்லும் திறமையைப் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. வென்றால் 10 புள்ளி. ஃபீச்சர் பந்தயம் நீளமானது, டயர் மாற்றக் கட்டாயமாக ஒருமுறை பிட்டுக்குள் (தடத்தை ஒட்டி அணிகள் காரைக் கவனிக்கும் இடம்) வர வேண்டும், வென்றால் 25 புள்ளி. ஆகவே 'எஃப்2வில் மூன்று வெற்றி' என்று யாராவது சொன்னால், எந்த வகை மூன்று என்று கேட்பது நியாயமான கேள்வி.

2024இல் எஃப்2வுக்குப் புத்தம் புதிய கார் வந்தது. அதுவரை அணிகள் சேர்த்து வைத்திருந்த டேட்டாவில் பெரும்பகுதி பயனற்றுப் போனது. பிரேமா அணி தொடக்கத்திலேயே தடுமாறியது. அங்கே அன்டோனெல்லியின் தோழர் பிரிட்டனின் ஆலிவர் பேர்மன். முந்தைய ஆண்டு எஃப்2வில் நான்கு வெற்றி பெற்றவர். 2024 சவுதி அரேபியாவில் ஃபெராரி வீரருக்கு உடல்நிலை சரியில்லாதபோது திடீரென எஃப்1இல் இறக்கிவிடப்பட்டு ஏழாவதாக வந்தவர். அப்படிப்பட்டவருக்கே அந்தக் காரில் சிரமம் இருந்தது. சீசன் முடிவில் அன்டோனெல்லி ஆறாவது, எஃப்1க்காகச் சில பந்தய வார இறுதிகளை விட்டுக்கொடுத்த பேர்மன் பன்னிரண்டாவது. அன்டோனெல்லியின் இரண்டு வெற்றிகளில் ஒன்று மழையில் நனைந்த சில்வர்ஸ்டோன் ஸ்பிரிண்ட், மற்றொன்று ஹங்கரோரிங்கின் ஃபீச்சர் பந்தயம். 17 வயது, எஃப்3 அனுபவம் இல்லை, புது கார், தடுமாறும் அணி. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த 'ஆறாவது இடம்' வேறு மாதிரி தெரியும்.

சரி, மெர்சிடிஸுக்கு அப்படி என்ன அவசரம்? 2024 பிப்ரவரி 1 அன்று, அந்த எஃப்2 சீசன் தொடங்கும் முன்பே, ஹாமில்டன் 2025இல் ஃபெராரிக்குப் போகப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. இருக்கை காலி. அன்டோனெல்லியின் எஃப்2 சீசன் அன்றிலிருந்து ஒரு நீண்ட நேர்முகத் தேர்வாக மாறிவிட்டது. மெர்சிடிஸ் எஃப்2 முடிவுகளை மட்டும் நம்பியிருக்கவும் இல்லை. பழைய எஃப்1 கார்களில் அவரை ரெட்புல் ரிங், இமோலா போன்ற தடங்களில் தனியாக ஓட்டவைத்தது. ஒரு அணி தன் இளைஞரின் திறனை அளப்பது பெரும்பாலும் அந்த மூடிய கதவுக்குப் பின்னால்தான். நாம் பார்க்கும் புள்ளிப் பட்டியலில் அது வராது.

எஃப்1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015இல் 17 வயதில் எஃப்1க்குள் வந்த பிறகு இறுக்கப்பட்ட விதி இது. பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று சீசன்களில் இந்த லைசென்ஸுக்கான 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். எஃப்2வில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் 40 புள்ளியும் ஒரே அடியில் கிடைத்துவிடும். ஃபார்முலா ரீஜனல் ஐரோப்பிய சாம்பியனுக்கு 25. எஃப்4 சாம்பியனுக்கு 12. அன்டோனெல்லி வென்ற பட்டங்களாலேயே எஃப்2வில் கால் வைக்கும் முன்பே 40ஐத் தாண்டியிருந்தார். புள்ளியில் குறையே இல்லை, வயதுதான் தடை. 2024 ஆகஸ்ட் 25 அன்று அதுவும் தீர்ந்தது.

ஐந்து நாள் கழித்து மோன்ஸாவில், இத்தாலிய கிராண்ட் பிரிக்ஸின் முதல் பயிற்சி ஓட்டத்தில், மெர்சிடிஸ் வீரர் ஜார்ஜ் ரஸ்ஸலின் காரை அவரிடம் கொடுத்தார்கள். சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் முதல் எஃப்1 அமர்வு. இறங்கியவுடனேயே மிக வேகமான நேரங்கள். பத்து நிமிடம் போல ஆகியிருக்கும். தடத்தின் கடைசி வளைவான பரபோலிக்காவில் காரின் பின்பக்கம் நழுவியது. கார் சரளைக் கற்களைத் தாண்டிப் போய் டயர்த் தடுப்பில் மோதியது. ரேடியோவில் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே மெர்சிடிஸ் அவரை 2025க்கான வீரராக அறிவித்தது. அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் சொன்னதன் சாரம் இதுதான்: வேகம் இல்லாதவரை வேகமாக்குவதைவிட, வேகம் அதிகமானவரைக் கொஞ்சம் அடக்குவது சுலபம். அந்த மோதலைப் பலர் தோல்வியாகப் பார்த்தார்கள். டேட்டா முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மோதலுக்கு முந்தைய சுற்றுகளைப் பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமை பெறாது. டாவிடே வால்செக்கி, இவரும் இத்தாலியர். எஃப்2வின் முந்தைய பெயர் ஜிபி2. அதில் 2012இல் அவர் சாம்பியன். அந்த ஆண்டில் மூன்றாவதாக வந்த எஸ்டெபான் குட்டியேரெஸ், நான்காவதாக வந்த மேக்ஸ் சில்ட்டன், ஆறாவதாக வந்த கீடோ வான் டெர் கார்டே ஆகிய மூவரும் 2013இல் எஃப்1 ஓட்டினார்கள். சாம்பியனுக்குக் கிடைத்தது லோட்டஸ் அணியில் மாற்று வீரர் பதவி. அந்த சீசனின் கடைசி இரண்டு பந்தயங்களில் லோட்டஸ் வீரர் கிமி ராய்க்கோனன் முதுகு அறுவைச் சிகிச்சைக்காக விலகியபோது வாய்ப்பு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லோட்டஸ் வெளியிலிருந்து ஹெய்க்கி கோவலைனனை அழைத்து வந்தது. வால்செக்கி கடைசிவரை ஒரு எஃப்1 பந்தயம்கூட ஓட்டவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

அவர் பட்டியலை மேலே சொன்ன கண்ணோடு படித்துப் பாருங்கள். பட்டம் வந்தது ஐந்தாவது ஜிபி2 சீசனில். அணி மேலாளர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்: இந்தக் காரை ஐந்து ஆண்டு ஓட்டியவர் வெல்வதில் ஆச்சரியம் என்ன என்று. அது முழு நியாயம் இல்லை. ஆனால் அவர்கள் வாங்குவது இன்றைய திறமையை அல்ல, இன்னும் எவ்வளவு வளர்வார் என்ற கணிப்பை. இரண்டாவது காரணம் பணம். ஒரு எஃப்2 சீசனுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மேல் ஆகிறது. குடும்பப் பணமோ, ஸ்பான்சரோ, எஃப்1 அணியின் இளையோர் திட்டமோ இல்லாமல் யாரும் அந்தப் படியில் நிற்க முடியாது. அன்றைய சிறிய எஃப்1 அணிகளுக்கோ வீரர் கொண்டுவரும் ஸ்பான்சர் பணம் உயிர்நாடி. வால்செக்கிக்குப் பின்னால் இருந்த இத்தாலியப் பொருளாதாரம் அப்போது நெருக்கடியில் கிடந்தது. மூன்றாவது, சாம்பியன் ஆனவர் எஃப்2வில் திரும்ப ஓட முடியாது என்பது விதி. மேலே இடம் இல்லை, கீழே நிற்கவும் கூடாது. 2022இன் சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச்சும் 2023இன் சாம்பியன் தியோ பூர்ஷேரும் பட்டம் வென்ற மறுஆண்டு மாற்று வீரர் பதவியோடு நிற்க வேண்டி வந்ததும் இதனால்தான்.

இத்தாலி இவ்வளவு கார்களையும் கார்ட்களையும் செய்துகொடுக்கிற நாடு. ஆனாலும் 2012 தொடங்கி 2016 வரை எஃப்1 பந்தயங்களில் ஒரு இத்தாலியரும் இல்லை. அந்த இடைவெளியை முடித்தவர் தெற்கே மார்த்தினா ஃப்ராங்கா ஊரைச் சேர்ந்த அன்டோனியோ ஜோவினாட்ஸி. பணக்காரக் குடும்பம் இல்லை. ஏணியின் வழக்கமான வாசலில் நுழையாமல் 2012இல் சீனாவில் நடந்த ஃபார்முலா பைலோட்டா தொடரில் ஓட்டிப் பட்டம் வென்றார். 2013இல் பிரிட்டிஷ் எஃப்3இல் இரண்டாம் இடம், 2015இல் ஐரோப்பிய எஃப்3இல் இரண்டாம் இடம். 2016இல் ஜிபி2வில் முதல் ஆண்டிலேயே பிரேமா அணியில் பாக்கு நகரின் இரண்டு பந்தயங்களையும் வென்றார். மோன்ஸாவில் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு வென்றார். ஆனால் அணித் தோழர் பியேர் காஸ்லியிடம் 8 புள்ளியில் பட்டத்தை இழந்தார். அறிமுக ஆண்டின் அந்த இரண்டாம் இடம், வால்செக்கியின் முதலிடம் திறக்காத கதவைத் திறந்தது. ஃபெராரி அவரை மாற்று வீரராக எடுத்துக்கொண்டது. 2017இல் சாபர் அணிக்காக இரண்டு பந்தயங்கள், 2019 முதல் 2021 வரை ஆல்ஃபா ரோமியோவில் மூன்று முழு சீசன்கள்.

எஃப்1 முடிந்ததும் அவர் நீண்ட தூரப் பந்தயங்களுக்குப் போனார். இளநிலை ஏணியில் கற்றுக்கொள்ளும், டயரைத் தேயவிடாமல் ஓட்டும் திறனும், மாறும் வானிலையில் நிதானமும் அங்கே நேரடியாகப் பயன்படும். எஃப்1 வாசலில் நின்றுபோன பல நல்ல வீரர்கள் இன்று சம்பளத்தோடு ஓட்டுவதும் அங்கேதான். 2023இல் ஃபெராரி 1965க்குப் பிறகு முதல்முறையாக லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது, அந்த 51ஆம் எண் காரை ஓட்டிய மூவரில் ஜோவினாட்ஸி ஒருவர். இன்னொருவர் ஜேம்ஸ் கலாடோ, 2012இல் வால்செக்கி வென்ற அந்த ஜிபி2 சீசனில் ஐந்தாவதாக வந்தவர். 2025இல் அதே மூவர் உலக நீண்ட தூரப் பந்தய சாம்பியன்களும் ஆனார்கள்.